நெட்டைக்கு லீவு கொடுத்தவர்கள்

ஜனவரி 11

அடி நெட்டை,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அக்கா போட்ட கார்டு நேற்றுக் கிடைத்தது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றை வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவாய். அதனால் தனித்தனியாகக் கேட்கிறேன். தூக்கம் வருகிறதா? சாப்பாடு வயிற்றில் நிற்கிறதா? மூன்றாவது மாடியாமே, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வர வேண்டும்.

சலவைக்கூடத்தில் உன் இடத்தில் ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். அவசரக்குடுக்கை. ஈர விரிப்பின் முனையை நான் பிடித்து உதறுவதற்குள் அவள் பக்கத்து முனையை இஸ்திரி உருளைக்குள் விட்டுவிடுகிறாள். விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சுருண்டு, அந்தப் பக்கம் கிழவி முகம் மாதிரி வெளியே வருகிறது. சிடுமூஞ்சி சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுகிறார். நீயும் நானும் இத்தனை வருஷம் எதிரெதிரே நின்று விரிப்புப் போட்டோமே, "இப்போ விடு" என்று ஒரு நாளாவது சொல்லியிருப்போமா? இவளிடம் ஒவ்வொரு விரிப்புக்கும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

இங்கே கேன்சர் என்று சொல்லும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான்தான் வாய்விட்டுச் சொல்கிறேன். வந்துவிட்டது, வைத்தியம் பார்த்துத் துரத்த வேண்டியதுதான், அதற்கு ஏன் ரகசியம்?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்தோடு லீவில் இருக்கும் வரைதான் உன் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கட்டும். லீவு தீர்ந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், வைத்தியமும் அதோடு நின்றுவிடும். ஆனால் நம் சலவைக்கூடத்தில் உருப்படியான சட்டம் ஒன்று இருக்கிறதே, ஒருவர் லீவை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று! அதை நான் ஒரு கை பார்க்கப் போகிறேன். நீ எதற்கும் கவலைப்படாமல் படுத்திரு.

உன்,
வாயாடி


ஜனவரி 25

வாயாடிக்கு,

தூக்கம்: வருகிறது, போகிறது. சாப்பாடு: போகிறது, வருகிறது. மூச்சு: வாங்குகிறேன், இதுவரை விடவும் செய்கிறேன். மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உருளைப் பக்கத்தில் நின்றுகொண்டே சூடு காட்டினால் போதும் என்று ஏமாற்றாதே.

அக்கா வீடு சின்னது. எனக்கு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவளும் அத்தானும் முன்னறையில் படுக்கிறார்கள். ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறார்கள். ஒருத்திக்கும் விரிப்பை ஒழுங்காக உதறத் தெரியவில்லை. படுத்துக்கொண்டே திட்டுகிறேன்.

வாயெல்லாம் புண். பேசினால் எரிகிறது. எழுதுவதுதான் சுலபமாக இருக்கிறது.

லீவு விஷயமாக ஒன்று. என் சொந்த லீவே மார்ச் வரை வரும். அதற்குள் டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்துச் சொல்வார். அதுவரை நீ யாரிடமும் போய் நிற்காதே. நான் எழுதுகிறேன், அப்புறம் பார்க்கலாம். சும்மா இருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் இரு.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

நெட்டை


பிப்ரவரி 4

என் தங்கமே,

உன் கடிதம் வந்தபோது பாதிக் கூடம் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டது! நான் என்ன செய்ய? என்னைச் சும்மா இருக்கச் சொல்வதாக இருந்தால் நீ தந்தி அல்லவா அடித்திருக்க வேண்டும்?

உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறாய்? கேள். முதலில் வாசல் கேட்டு அண்ணனிடம் போனேன். வாட்ச்மேனுக்கு வருகிற லீவே சொற்பம். "எனக்கு எதுக்குமா லீவு, வீட்டுல இருந்தா பொஞ்சாதி திட்டுறா" என்று சொல்லி இரண்டு நாள் எழுதிக் கொடுத்தார். வேன் ஓட்டும் ஹாரன் மூன்று நாள் கொடுத்தான். அவன் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தது கிடையாது. மடிப்பு மேஜைப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள். அவசரக்குடுக்கைக்கு இன்னும் லீவே சேரவில்லை, "சேர்ந்ததும் தர்றேன்கா" என்று அழுகிறாள். சிடுமூஞ்சி இருக்கிறாரே, என்னை நிற்க வைத்து, "வேலை நேரத்துல என்ன வசூல்?" என்று எரிந்து விழுந்தார். சாயங்காலம் பார்த்தால் அவர் பெயர் எல்லாருக்கும் மேலே இருக்கிறது. ஒரு வாரம்! மனுஷனை நம்பவே முடியவில்லை.

சோப்பு அக்கா கொடுத்ததுதான் பெரிய கொடை. மகள் பிரசவத்துக்குப் போய்க் கூட இருக்க என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே உன் பெயருக்கு எழுதிவிட்டாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், சத்தியமாக. "பிரசவம் எப்படியும் நடந்துடும். இது அப்படியா?" என்றாள்.

நான் என்னுடையது முழுவதையும் கொடுத்துவிட்டேன். ஜூலையில் புது லீவு ஏறும் வரை எனக்குக் காய்ச்சல் கூட வரக் கூடாது.

நேரப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் காணாமல் போன துணிக் கணக்கு எழுதும் கரும்பலகை இருக்கிறதல்லவா? அதைத் துடைத்துவிட்டு, 'நெட்டைக்கு லீவு கொடுத்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு எல்லார் பெயரையும் எழுதியிருக்கிறேன். காலையில் கார்டு அடிக்கும்போது எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பெயர்களை ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், தலைமாட்டில் ஒட்டிக்கொள். வைத்தியம் நின்றுவிடுமோ என்ற பயமே இனி உனக்கு வேண்டாம். எத்தனை பேர் உன் பின்னால் நிற்கிறோம் என்று பார்!

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பைச் சொல்.

வாயாடி


மார்ச் 1

வாயாடிக்கு,

உடனே பதில் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். இறக்கி வை.

படம் எடுத்தார்கள். முதல் மருந்து கேட்கவில்லை. கட்டி அப்படியே இருக்கிறது, இன்னும் இரண்டு இடத்தில் புதிதாகத் தெரிகிறதாம். டாக்டர் நல்ல மாதிரி. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பேசினார். வேறொரு மருந்து இருக்கிறது, கடுமையானது, கேட்டாலும் கேட்கலாம் என்றார். இன்னொரு வழியும் சொன்னார்.

அந்தக் கடுமையான மருந்தையே ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஏற்றுவார்கள். முதல் தடவை முடிந்தது.

பெயர்த் தாளை வாசித்தேன். ஹாரன் கூடவா? எல்லாருக்கும் நான் நன்றி சொன்னதாகச் சொல். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லாதே, ஒவ்வொருவராகப் போய்ச் சொல்.

ஒரு சந்தேகம். எழுதிக் கொடுத்த லீவைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா? ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நெட்டை


மார்ச் 9

அடி கிறுக்கு,

திருப்பிக் கொடுப்பதாவது! யார் உன்னிடம் திருப்பிக் கேட்டார்கள்? எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், ஆபீசில் விசாரித்துவிட்டேன். அதனால் அந்த யோசனையை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடு. கொடுத்ததை வாங்கிக்கொள்ளவும் ஒரு பெருந்தன்மை வேண்டும், அது உனக்கு எப்போதுமே கிடையாது. ஒரு வாய் டீ வாங்கிக் கொடுத்தால் மறுநாள் இரண்டு வாய் வாங்கிக் கொடுக்கிற ஜாதி நீ.

முதல் மருந்து கேட்கவில்லை என்றால் என்ன, இரண்டாவது கேட்கும். கடுமையாக இருந்தால்தான் வேலை செய்யும். கறை பிடித்த விரிப்புக்கு சோப்பு அக்கா முதலில் சாதா பவுடர் போடுவாள், போகவில்லை என்றால் கார மருந்து போடுவாள். எந்தக் கறையாவது அதற்கு மிஞ்சியிருக்கிறதா?

உன் கடிதத்தை டீ நேரத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இனிமேல் எல்லாவற்றையும் வாசிக்கப் போகிறேன், அவர்களுக்கும் உரிமை உண்டல்லவா. தினமும் நான் உள்ளே நுழைந்ததும் "நெட்டை எப்படி இருக்கா? ஊசி போட்டாச்சா? மருந்து பிடிக்குதா?" என்று கேட்கிறார்கள். சிடுமூஞ்சி வாய்திறந்து கேட்க மாட்டார். நான் மற்றவர்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் வந்து சும்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "அவளா, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் மானத்தைக் காப்பாற்று.

முழங்காலுக்கு என்ன, அது பாட்டுக்கு வலிக்கிறது. சத்தாகச் சாப்பிடு.

வாயாடி


ஏப்ரல் 6

வாயாடிக்கு,

கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மூன்று முறை ஏற்றியாகிவிட்டது. ஏற்றியபின் ஒரு வாரம் மனுஷியாக இருப்பதில்லை. தண்ணீர் குடித்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. போர்வையைத் தொட்டால் துணி என்றே தெரியவில்லை. பருத்தியா கலப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேனே, அந்தக் கை இல்லை இப்போது.

சோப்பு அக்கா மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டதா? கணக்குப்படி போன மாதமே ஆகியிருக்க வேண்டும். அக்காவால் போக முடிந்ததா? நீ எழுதவே இல்லை.

வாயாடி, ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறாயா? ஒரு பகல் ஒரு ராத்திரி ரயில்தான். இரண்டு நாள் இருந்தால் போதும். எதுவும் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் பேசிக்கொண்டிரு. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், எழுதினால் சரியாக வராது.

நெட்டை


ஏப்ரல் 14

என் செல்லமே,

வர எனக்கு ஆசை இல்லையா? றெக்கை இருந்தால் இந்நேரம் உன் ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் வருவதற்கு லீவு வேண்டும், என் லீவு பூராவும் உன்னிடம் அல்லவா இருக்கிறது! பார், என்னை வர விடாமல் செய்ததே நீதான். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் இரண்டு நாள். சொல்லாமல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். வீட்டுக்காரர் போன பிறகு என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, உனக்குத் தெரியாததா?

ஜூலை பிறக்கட்டும். புது லீவு ஏறிய மறுநாள் வண்டி ஏறிவிடுகிறேன். அதற்குள் நீ எழுந்து நடமாட ஆரம்பித்திருப்பாய். ரயிலடிக்கே என்னை அழைக்க வந்துவிடுவாய்.

கேட்க வேண்டியதை எழுத்திலேயே கேளேன். நான் என்ன வேற்றாளா?

கை மரத்துப்போனது மருந்து முடிந்ததும் சரியாகிவிடும் என்று ஹாரன் சொல்கிறான். அவன் சித்தப்பாவுக்கு அப்படித்தான் இருந்ததாம். சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இங்கே நல்ல வெயில். உருளைப் பக்கம் நிற்க முடியவில்லை. அவசரக்குடுக்கை நேற்று மயங்கி விழுந்தாள். சிடுமூஞ்சி முகத்தில் தண்ணீர் தெளித்து, அவரே அவள் இடத்தில் நின்று என்னோடு விரிப்புப் போட்டார். உன்னளவுக்கு இல்லை.

வாயாடி


மே 3

அன்புத் தங்கைக்கு,

நெட்டையின் அக்கா எழுதுகிறேன். நீயும் உன் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரியில் டாக்டர் இரண்டு வழி சொன்னார் என்று உனக்கு எழுதியிருப்பாள். இரண்டாவது வழி என்னவென்று எழுதியிருக்க மாட்டாள். மருந்தை நிறுத்திவிட்டு, வலிக்கு மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு, இருக்கிற வரைக்கும் வீட்டில் நிம்மதியாக இருப்பது. புது மருந்து கேட்பது சந்தேகம்தான், கேட்டாலும் சில மாதம் கூடும், அவ்வளவுதான் என்று அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் அங்கேயே, "வேணாம் டாக்டர், போதும்" என்று சொல்லிவிட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து நான் கொடுத்த ரொட்டியை முழுதாகச் சாப்பிட்டாள். வாய்ப்புண் ஆறி வந்தது. அத்தானோடு சீட்டு விளையாடி ஏமாற்றி ஜெயித்தாள். என் தங்கையை நான் திரும்பப் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

அப்போதுதான் உன் கடிதமும் பெயர்த் தாளும் வந்தன. படுத்தபடி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மறுநாள் காலையில், "அக்கா, டாக்டர்கிட்ட போகணும். அந்த மருந்தைப் போட்டுக்கறேன்" என்றாள். ஏண்டி என்று கேட்டேன். "புள்ளத்தாச்சி மகளை விட்டுட்டு ஒருத்தி எனக்குக் கொடுத்திருக்கா. நான் படுத்துத் தூங்கவா அதை வாங்கிக்கிறது?" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மூன்று வாரமும் வேலைக்குப் போகிற மாதிரிதான் கிளம்புகிறாள். நேற்று நான்கு பேர் பிடித்து வேனில் ஏற்றினோம். வலியில் தலையணையைக் கடிக்கிறாள். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "உனக்குத் தெரியாதுக்கா, அவங்க தினமும் விசாரிக்கறாங்க" என்கிறாள். டாக்டரும் இனி இதில் பலன் இல்லை என்றுதான் நினைக்கிறார், ஆனால் அவள் கேட்கும்போது மறுக்கத் தயங்குகிறார்.

நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். நிறுத்திக்கொள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்று ஒரு வரி எழுது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம்.

நான் எழுத மாட்டேன். செத்துப் போ என்று அவளுக்கு என் கையால் எழுத வேண்டுமா? கூடப்பிறந்த உங்களுக்கு இதைக் கேட்க எப்படி மனசு வந்தது? பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதென்றால் அப்படிச் சொல்லுங்கள். இங்கே ஒரு கூடமே அவள் பிழைத்து வருவாள் என்று இருக்கிறது. மருந்து பாதியில் இருக்கும்போது நிறுத்தினால் இதுவரை பட்டதெல்லாம் வீண்தானே? ஜூலையில் நான் வருகிறேன், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை அவள் மனசைக் கலைக்காதீர்கள்.

தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய சிநேகிதி


மே 27

வாயாடிக்கு,

அத்தான் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. எழுத்து அழகாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே.

நீ எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. முழங்கால் வலி அதிகமா? பிள்ளைக்கு ஏதாவதா? உன்னிடமிருந்து சத்தம் இல்லை என்றால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாரிடமும் சொல். ஒரு ஊசியும் தவறவில்லை. போன தடவை நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள், கடைசியில் காலில் போட்டார்கள். அதற்கும் சரி என்றுதான் படுத்திருந்தேன். ரத்த அளவு ஏறினால் அடுத்ததையும் போட்டுவிடுவார்கள், தேதி சொல்லவில்லை. நான் ஏமாற்றவில்லை என்று சிடுமூஞ்சியிடம் கட்டாயம் சொல். சோப்பு அக்காவிடம், வந்து நேரில் பார்க்க முடியவில்லை, பேரக் குழந்தைக்கு என் முத்தம் என்று சொல். ஆணா பெண்ணா என்றுகூட நீ எனக்குச் சொல்லவில்லை.

கொடுத்தவர்கள் யாருக்கும் நஷ்டம் வரக் கூடாது. அவ்வளவுதான். களைப்பாக இருக்கிறது.

நெட்டை


ஜூன் 5

நெட்டை, என் கண்ணே,

பெண் குழந்தை. மார்ச் மாதமே பிறந்துவிட்டது. சோப்பு அக்கா போகவில்லை, போக முடியவில்லை. மகளுக்குக் கஷ்டமான பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், ஆனால் இரண்டு நாள் அக்கா சோப்பு அறையை விட்டு வெளியே வராமல் பவுடரைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். இதை உனக்கு எழுதக் கூடாது என்று நானாக முடிவு செய்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று இப்போது தெரிகிறது.

உன் கடிதம் வந்ததும் வழக்கம்போல் டீ நேரத்தில் வாசிக்க ஆரம்பித்தேன். காலில் ஊசி போட்டார்கள் என்ற இடத்தில் மடிப்பு மேஜைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நான் ஏமாற்றவில்லை என்று சிடுமூஞ்சியிடம் சொல்" என்று வாசித்தபோது அந்தாள் மீட்டர் பக்கத்திலிருந்து வந்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். தானே ஒரு முறை படித்தார். டீ நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. ஒருவரும் நகரவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "லீவு எதுக்கும்மா கொடுத்தோம்? படுத்து ஓய்வு எடுக்கட்டும்னுதானே கொடுத்தோம். அவ என்னடான்னா ஷிப்டு பார்த்துக்கிட்டிருக்கா. யாரு இப்படி அவ தலையில ஏத்தினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சோப்பு அக்காதான் என்னைத் தூக்கிவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மகளைப் போய்ப் பார்க்க முடியலைன்னு எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக அவ கிடந்து வதைபடணுமா? அவளைப் போதும்னு சொல்லச் சொல்லு." கேட்டு அண்ணனும் அதையே சொன்னார். ஹாரன் வேனில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் சித்தப்பா இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாராம், அதை அன்றைக்குத்தான் சொன்னான். கரும்பலகையை நான் துடைத்துவிட்டேன்.

உன் அக்கா மே மாதம் எனக்கு எழுதினாள். நீ நிறுத்த நினைத்ததை, என் கடிதத்தால் மாறியதை, எல்லாம் எழுதினாள். நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிப் பதில் போட்டேன். அந்தக் கடிதம் எனக்குள்ளே எரிந்துகொண்டே இருந்ததால்தான் உனக்கு இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டியிருக்குமே.

நீ என்னை வரச் சொன்னபோது லீவு இல்லை என்றேன். அது நிஜம்தான். ஆனால் லீவு இல்லை என்று எழுதியபோது எனக்குள் நிம்மதியாக இருந்தது, நெட்டை. உன்னை அந்தக் கட்டிலில் பார்க்க எனக்குப் பயம். நீ என்ன கேட்கப் போகிறாய் என்று தெரிந்துதான் எழுத்திலேயே கேள் என்றேன். உன்னால் எழுத முடியாது என்று தெரிந்தே சொன்னேன்.

போதும்டி. நிறுத்திக்கொள். ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு இன்னும் மீதி இருக்கிறது. அத்தனையும் படுத்துக்கொண்டே கழி. சீட்டு விளையாடு, ஏமாற்று.

இருபதாம் தேதி வண்டிக்குத்தான் இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கிவிட்டேன். பெயரை அடித்தால் அடிக்கட்டும். சிடுமூஞ்சி, "போயிட்டு வா, பார்த்துக்கலாம்" என்றிருக்கிறார். நான் வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ கேட்க வேண்டியதைக் கேள்.

வாயாடி


ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

உன் ஆபீசுக்கு நேற்று இரண்டு முறை போன் செய்தேன். எடுத்த ஆள், "நீங்க சொந்தமா?" என்று கேட்டார். இல்லை, அவள் சிநேகிதியின் அக்கா என்றேன். வேலை நேரத்தில் சொந்தக்காரர்களுக்குத்தான் கூப்பிடுவோம் என்று வைத்துவிட்டார். அதனால் நீ வண்டி ஏறும் முன் கிடைக்க விரைவுத் தபாலில் எழுதுகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

நெட்டை நேற்றுக் காலை போய்விட்டாள்.

உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி ஊசி ஏற்றியாகிவிட்டிருந்தது. இந்தத் தடவை உடம்பு தாங்கவில்லை, மறுநாளே காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் கொண்டுவந்துவிட்டோம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். சிடுமூஞ்சி சொன்னதையும் சோப்பு அக்கா சொன்னதையும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நீ உன்னைப் பற்றி எழுதியதையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடித்ததும் கண்ணைத் திறந்தாள். அப்புறம், "இதை முன்னாடியே எழுதியிருக்கலாமே, பைத்தியக்காரி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள். உன்னிடம் மறைத்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நாம் மூன்று பேரும் ஆளுக்கொன்றை மறைத்துத்தான் இவ்வளவும் ஆனது, இனி எனக்கு அது முடியாது. உன் மே மாதக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு உன்மேல் ஆத்திரம் வந்தது. பதில் போடாமல் இருந்தேன். அப்போதே நான் இன்னொரு கடிதம் போட்டிருந்தால், அல்லது வண்டி ஏறி வந்து உன்னை உலுக்கியிருந்தால் என்று இப்போது நினைத்து என்ன செய்ய?

"இனிமே எதுவும் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுக்கா" என்றாள். அத்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவள் கேட்டதும் அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதன்பின் அவளுக்கு மீதி இருந்தது இரண்டு நாள். அதிலும் பாதி நேரம் நினைவு இல்லை. பிப்ரவரியில் கிடைத்த அந்த ஒரு வாரம் போல ஒரு மணி நேரம்கூடத் திரும்ப வரவில்லை.

நினைவு இருந்த நேரத்தில் உன் ரயிலைப் பற்றித்தான் பேச்சு. இருபதாம் தேதி ஏறினால் இருபத்தொன்றாம் தேதி வந்துவிடுவாள் என்று என்னிடம் சொன்னாள். பிறகு அத்தானிடம் சொன்னாள். உனக்கு எங்கே படுக்கை போடுவது என்று கேட்டதற்கு, முன்னறையில் வேண்டாம் என்றுவிட்டாள். "குறட்டை விடுவா, உங்களுக்குத் தூக்கம் போயிடும். என் கட்டிலை ஒட்டிப் போடு. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள். அத்தான் எதிர்க்கடையில் ஒரு மெத்தை வாங்கி வந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரித்தோம். விரிப்பு ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது, இழுத்து விடு என்று என்னைத் திட்டினாள். இழுத்துவிட்டேன். அதைப் பார்த்தபடிதான் தூங்கினாள்.

அவள் கட்டில் இப்போது காலியாக இருக்கிறது. உன் படுக்கையைச் சுருட்டி வைக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. வந்து படு.

அக்கா